தொல்லியல் கூடத்தில் எதைப் பார்ப்பது? கோலாலம்பூரிலிருந்து மெர்போக் வரை ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கே.எல். சென்ட்ரல் வழியாக நடந்தே தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். அவ்வளவு பக்கம். ஆனாலும் நம்மில் பலருக்கு, பள்ளியில் படிக்கும்போது பேருந்தில் கூட்டிப் போனதோடு சரி. ஊரிலிருந்து உறவினர் வந்தால் இரட்டைக் கோபுரம், பத்துமலை, புத்ராஜெயா என்று சுற்றிக் காட்டுகிறோம். அருங்காட்சியகம் அந்த வரிசையில் வருவதே இல்லை. போகிறவர்களும் தொல்லியல் கூடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். உடைந்த கல், உடைந்த பானை, ஓர் எலும்புக்கூடு. அடுத்த கூடத்தில் கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாளும் தங்கமும் காத்திருக்கும்போது இதற்கு முன்னால் யார் நிற்பார்கள்?

அந்த உடைந்த கல்லுக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் மண்ணுக்குள் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் சான்று மதிப்பு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரும்போது அந்தச் சூழல் கழன்றுவிடுகிறது. அதை நமக்குத் திரும்பச் சொல்ல அருங்காட்சியகம் என்ன செய்திருக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

முதல் படி: ஒரு நாளைக்கு ஒரு கூடம்

தேசிய அருங்காட்சியகத்தில் நான்கு காட்சிக்கூடங்கள்: தொடக்க கால வரலாறு, மலாய் அரசுகள், காலனி ஆட்சிக் காலம், இன்றைய மலேசியா. முதல் தடவை போகும்போது முதல் கூடத்தை, அதாவது தொல்லியல் கூடத்தை, மட்டும் பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எதுவும் மனத்தில் தங்காது. வார நாளில் காலையில் போவது நல்லது. காட்சிகளை அவ்வப்போது மாற்றி அமைப்பார்கள், பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடுவதும் உண்டு. அதனால் கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.டி.யில் வந்தால் நிலையத்தின் பெயரே மூசியம் நெகாராதான், குழப்பம் இல்லை.

உள்ளே நுழையும் முன் கட்டடத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். இது 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இதே இடத்தில் சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945 மார்ச்சில் நேச நாடுகளின் விமானங்கள் வீசிய குண்டுகளில் அது சிதைந்தது. மண்ணுக்கடியில் பல நூறு ஆண்டுகள் தப்பிக் கிடந்த பொருளும் பெட்டிக்குள் வந்த பிறகு ஒரே நாளில் அழிந்துபோகலாம். அருங்காட்சியகம் என்றால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கையோடு உள்ளே போகாதீர்கள்.

இரண்டாம் படி: முதலில் விளக்க அட்டை, பிறகு பொருள்

பெரும்பாலோர் பொருளைப் பார்த்து, படம் எடுத்து, நேரம் இருந்தால் அட்டையைப் படிப்பார்கள். நீங்கள் மாற்றிச் செய்து பாருங்கள். அட்டைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் கிடையாது; அது எனக்கு வருத்தம்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் சில மலாய்ச் சொற்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே படித்துக்கொள்வார்கள். தாப்பாக் என்றால் தளம், அதாவது பொருள் கிடைத்த இடம். எக்ஸ்காவாசி என்றால் அகழாய்வு. தெம்பிகார் மட்பாண்டம், காங்சா வெண்கலம், அபாட் நூற்றாண்டு. ஆண்டுக்குப் பக்கத்தில் மசீஹி என்று இருந்தால் கி.பி., எஸ்.எம். என்று இருந்தால் கி.மு. ரெப்லிக்கா என்ற சொல்லை மட்டும் தவற விடாதீர்கள். நகல் என்று பொருள்.

அட்டையில் தேட வேண்டியவை இவை: எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, யார் எடுத்தார்கள், அகழாய்விலா அல்லது தற்செயலாகவா. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு நல்ல உதாரணம் பீடோரில் கிடைத்த, பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் சிலை. எட்டுக் கைகள் கொண்ட வெண்கலச் சிலை. 1936-இல் பேராக்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. பார்த்தால் மனம் நின்றுவிடும் அழகு. ஆனால் சுரங்க வேலையில் வெளிவந்ததால், அது எந்த மண்ணடுக்கில் இருந்தது, சுற்றிலும் என்ன இருந்தது என்ற பதிவு நமக்கு இல்லை. அங்கே கோவில் இருந்ததா, வணிகர் யாரும் புதைத்து வைத்தார்களா, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததா, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலையின் பாணியை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். இப்படிப்பட்ட பொருளுக்குச் சில நூற்றாண்டுகள் நீளும் காலக் கணிப்பை அட்டையில் கண்டால், அதை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சிலாங்கூரில் கம்போங் சுங்கை லாங்கில் 1964-இல் வெளிப்பட்ட வெண்கல முரசுகளைச் சொல்லலாம். மரப்பலகை ஒன்றின்மேல் அவற்றை வைத்து மண்மேடு எழுப்பியிருந்தார்கள். முரசு மட்டும் கிடைத்திருந்தால் வட வியட்நாமின் தோங் சோன் பாணிப் பொருள், வணிகத்தில் வந்திருக்கும் என்பதோடு நின்றிருப்போம். பலகையும் சேர்ந்து கிடைத்ததால், அதை இங்கே யாரோ வேண்டுமென்றே, முறைப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

நகல்களைப் பற்றி ஒரு சொல். நகல் என்று தெரிந்ததும் சிலர் ஏமாந்துபோகிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். ஜாவி எழுத்தில், அதாவது மலாயை எழுதப் பயன்படும் அரபு வரிவடிவத்தில், அமைந்த திரங்கானு கல்வெட்டின் மூலம் திரங்கானு மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ளவர்கள் அதைக் காண வேண்டுமென்றால் நகல் இல்லாமல் வழியில்லை. நகல் என்று தெளிவாக எழுதி வைக்கும் அருங்காட்சியகம் நம்பத்தக்கது.

மூன்றாம் படி: ஆண்டுகளைக் கேள்வி கேளுங்கள்

பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கைப் பற்றிய பகுதியில் 18.3 லட்சம் ஆண்டுகள் என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். புக்கிட் பூனோவில் கிடைத்த கைக்கோடரிக்குச் சொல்லப்படும் வயது அது. கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில் இதுதான். அங்கே ஒரு விண்கல் விழுந்தது; அந்த மோதலில் பாறை உருகி, மீண்டும் இறுகியது. அந்தப் பாறைக்குள் கைக்கோடரி பதிந்து கிடந்தது. ஆய்வாளர்கள் கணக்கிட்டது பாறையின் வயதை. கோடரி அதற்குள் இருப்பதால், பாறை இறுகும் முன்பே அது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது வாதம். இவ்வளவு பழைய எண் என்பதால் உலகத் தொல்லியலாளர்களிடையே இதைப் பற்றிய விவாதமும் உண்டு.

கார்பன் முறை என்பது வேறு. ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் அது பொருந்தும்: கரி, எலும்பு, கிளிஞ்சல். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அதனால் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஓர் ஆண்டைப் பார்த்ததும், இது எந்தப் பொருளின் வயது என்று கேளுங்கள். பானையின் வயதா, பானைக்குப் பக்கத்தில் கிடந்த கரியின் வயதா? அட்டையில் அது இல்லையென்றால் அங்கே இருக்கும் வழிகாட்டியிடமோ பணியாளரிடமோ கேளுங்கள். கேள்வி கேட்கும் பார்வையாளரைப் பார்த்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

நான்காம் படி: எலும்புக்கூட்டின் முன்னால்

பேராக் மனிதன் என்ற பெயரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். லெங்கோங்கில், குனோங் ருந்தோ குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு 1990-களின் தொடக்கத்தில் கண்டெடுத்த முழு எலும்புக்கூடு அது. வயது 10,000 ஆண்டுகளுக்கும் மேல். லெங்கோங் 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தளமானதற்கு இந்தக் கண்டெடுப்பும் ஒரு காரணம்.

இவரைப் பற்றிய காட்சியை எங்கே கண்டாலும், எலும்பை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். உடல் எப்படிக் கிடத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: கால்களை மடக்கி, கருவிலிருக்கும் குழந்தைபோல. சுற்றிலும் நத்தை ஓடுகள், கற்கருவிகள். இடது கையின் விரல் எலும்புகள் பிறவியிலேயே குட்டையானவை. இந்தக் குறையோடு அவர் நடுத்தர வயது வரை வாழ்ந்திருக்கிறார். உணவும் கருவியும் வைத்து அக்கறையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். உடல் குறையுள்ள ஒருவரை மதித்துப் பார்த்துக்கொண்ட ஒரு கூட்டம் இந்த மண்ணில் அப்போதே இருந்தது என்று சொல்ல அந்த நத்தை ஓடுகள் தேவைப்படுகின்றன. எலும்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது. சிறிய சிறிய துணைப் பொருள்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மனித எச்சங்களைக் காட்சிக்கு வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம்; அதில் நியாயமும் இருக்கிறது. பினாங்கு வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்கில், மூடா ஆற்றங்கரையில் குவார் கெப்பா என்ற இடம் இருக்கிறது. பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து, அவற்றுக்குள்ளேயே இறந்தவர்களையும் அடக்கம் செய்திருந்தார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் அங்கே தோண்டியவர்கள் எடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று பினாங்கு மாநில அரசு கேட்டுவருகிறது. 2017-இல் அதே இடத்தில் காட்சிக்கூடம் கட்ட மண் எடுத்தபோதுதான் பினாங்குப் பெண் என்று இன்று அழைக்கப்படும் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இந்தத் தடவை எலும்பு நாட்டைவிட்டுப் போகவில்லை. காட்சியைப் பார்க்கும்போது இந்த வரலாற்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எலும்புக்கூட்டோடு தன்படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பொம்மைகளையும் முகங்களையும் பிரித்துப் பாருங்கள்

குகை வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் உருவங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நல்லதுதான். ஆனால் அந்தக் காட்சியில் எது சான்றிலிருந்து வந்தது, எது கலைஞரின் ஊகம் என்று சேர்ந்து பிரித்துப் பாருங்கள். கற்கருவி, நெருப்பின் தடம், விலங்கு எலும்பு ஆகியவை மண்ணில் கிடைக்கும். ஆடை, முடி, யார் சமைத்தார், யார் வேட்டைக்குப் போனார் என்பவை பெரும்பாலும் கிடைக்காது. ஆண்கள் எல்லாம் ஈட்டியோடும் பெண்கள் எல்லாம் அடுப்போடும் நின்றால், ஏன் என்று கேட்கலாம்.

கணினியில் உருவாக்கும் முகங்களும் இப்படித்தான். பேராக் மனிதனுக்கும் பினாங்குப் பெண்ணுக்கும் மண்டையோட்டை அடிப்படையாக வைத்து முகம் அமைத்திருக்கிறார்கள். முகத்தின் பொது அமைப்பு எலும்பிலிருந்து வருகிறது. தோல் நிறம், உதடு, கண்ணின் பார்வை போன்றவற்றை எலும்பு சொல்லாது.

ஆறாம் படி: மெர்போக்குக்குப் போங்கள்

தமிழர் குடும்பத்தில் தொல்லியல் என்று பேச்செடுத்தால் கடாரம், அதாவது இன்றைய கெடா, வராமல் இருக்காது. அந்தக் கெடாவின் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது. பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஓர் இரவு பினாங்கில் தங்கி, காலையில் கிளம்பலாம். பொதுப் போக்குவரத்தை நம்பாமல் கார் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

அங்கே போனதும் உள்ளே உள்ள கூடத்துக்கு முன் வெளியே உள்ள சண்டிகளைப் பாருங்கள். பழைய இந்து, பௌத்தக் கோவில் கட்டடங்களை மலாயில் அப்படித்தான் அழைக்கிறார்கள். எல்லாம் இங்கேயே கட்டப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. சண்டி புக்கிட் பத்து பகாட் மட்டும் தன் சொந்த இடத்தில், ஜெராய் மலையடிவாரத்தில், நீரோடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்தப் பகுதியின் தளங்களுக்கு எண் கொடுத்து ஆராய்ந்தார். 1960-ஐ ஒட்டி வரலாற்றாய்வாளர் அலஸ்டர் லாம்ப் தலைமையில் இந்தச் சண்டியைச் சீரமைத்தார்கள். பங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் போன்ற இடங்களிலிருந்த சண்டிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்த வளாகத்தில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு சண்டி ஆற்றங்கரைத் துறைமுகத்தைப் பார்த்து நின்றதா, மலையைப் பார்த்து நின்றதா என்பதை இப்போது இடத்தில் நின்று உணர முடியாது. வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சண்டியிடமும், நீ எங்கிருந்து வந்தாய் என்று அட்டையில் தேடுங்கள்.

புக்கிட் பத்து பகாட்டின் மேடையில் தூண்கள் நின்ற கற்பாதங்களைத் தேடிப் பாருங்கள். மேலே கற்கூரை இல்லை. மரத்தூண், எளிதில் மக்கிப்போகும் கூரை. கருவறையும் முன்மண்டபமுமாக நமக்குப் பழகிய அமைப்பு, இந்த நாட்டு மழைக்கும் மரத்துக்கும் ஏற்பக் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே கூடத்தில் ஒன்பது குழிகள் கொண்ட கற்பேழை ஒன்றைத் தேடுங்கள். கட்டடத்துக்கு அடியில் மணிகளும் உலோகத் துண்டுகளும் வைத்துப் புதைத்த பேழை. கோவில் கட்டும்போது அடியில் பொருள் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால், அதன் முன்னால் நம் பாட்டிகள்கூட நின்று பேசுவார்கள்.

இனி, சோழர் எங்கே என்ற கேள்வி. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை நாம் அறிவது பெரும்பாலும் தஞ்சாவூர்க் கல்வெட்டின் மூலம். கடாரம் அதில் பெயரோடு வருகிறது. பூஜாங் மண்ணில் கிடைத்தவை பெரும்பாலும் வேறு கதை சொல்கின்றன: சீனப் பீங்கான், மத்தியக் கிழக்குக் கண்ணாடி, மணிகள், சமஸ்கிருதத்தில் பௌத்த வாசகங்கள். பல ஊர்க்காரர்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்து வணிகம் செய்த துறைமுகம் அது. படை வந்து போன ஓராண்டைவிட, வணிகர்கள் வந்துபோன பல நூறு ஆண்டுகள்தான் இந்த மண்ணில் அதிகம் பதிந்திருக்கின்றன. சோழரைப் பற்றி ஒரு பெரிய பலகை இல்லையே என்று கோபத்தோடு திரும்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மணிகளைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். தமிழ் வணிகக் குழுக்களின் தடம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது: வடக்கே தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தைக் குறிப்பிடும் தமிழ்க் கல்வெட்டு, சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவரைக் குறிப்பிடும் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பூஜாங்கை இந்த இரண்டோடும் சேர்த்துப் பார்த்தால் வங்கக் கடலின் இந்தக் கரை முழுவதும் விளங்கும்.

இந்தப் பகுதியின் பழமையான சான்றுகளில் ஒன்று இங்கே இல்லை. புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் பொறித்த கல்லை ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1834-இல் செபராங் பிறையின் வடக்கில் கண்டெடுத்தார். அது இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நேரம் இருந்தால் சுங்கை பத்துவுக்கும் போங்கள். 2009 முதல் அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், காற்றூதும் மண்குழாய்கள், படகுத்துறை, செங்கல் கட்டுமானம் ஆகியவை வெளிப்பட்டன. அதன் காலத்தைக் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வரை கொண்டுபோகும் கருத்து பிரபலமாக இருக்கிறது. எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. தென்கிழக்காசியாவிலேயே பழமையானது என்று எழுதியிருப்பதைப் படித்தால், மூன்றாம் படியில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். எந்தக் கட்டடத்தின், எந்தப் பொருளின் காலம்? முதலில் இரும்பு உருக்கினார்கள், செங்கல் கட்டடம் பிறகு வந்தது என்றும் இருக்கலாம் அல்லவா?

ஏழாம் படி: பினாங்கில் கண்ணாடி இல்லாத காட்சி

ஜார்ஜ் டவுனில் கொம்தாருக்குப் பக்கத்திலேயே சியா போய் நகரத் தொல்லியல் பூங்கா இருக்கிறது. பழைய சந்தை இருந்த இடம். அகழாய்வில் பிராங்கின் கால்வாயின் கற்சுவர்கள் வெளிப்பட்டன. மண்ணை மூடிவிட்டுக் கடை கட்டாமல், கால்வாயை அப்படியே காட்டும் பூங்காவாக 2019-இல் திறந்தார்கள். பொருளை அதன் இடத்திலேயே பார்ப்பது எப்படி இருக்கும் என்று புரிய இதைவிட எளிய இடம் இல்லை. சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் பத்து நிமிடம் கல்லின் அடுக்கைப் பாருங்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் போகலாம். 1920-களில் மலேரியாவுக்குப் பயந்து மண்ணிட்டு மூடிய அகழியை, அண்மைக் காலத்தில் தொல்லியலாளர்கள் தோண்டிப் பழைய எல்லையைக் கண்டுபிடித்தார்கள்.

எட்டாம் படி: நீங்களே எதையாவது கண்டால்

பூஜாங்கில் பதினோராம் எண் சண்டியை வீட்டுமனைத் திட்டத்துக்காக இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கியது 2013-இல் வெளியே தெரிந்து நாடே கொதித்தது. எண் இட்டு, பதிவில் இருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி. பதிவில் இல்லாதவை இன்னும் எவ்வளவோ தோட்டங்களிலும் ஆற்றங்கரைகளிலும் கிடக்கும். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தோட்டங்களும் அவற்றில் அடக்கம்.

செங்கல் வரிசை, எழுத்துள்ள கல், பழைய மணி, எதுவானாலும் சரி, எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், சாமி மேடையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்துப் படம் எடுங்கள். சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒரு படம். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாவட்ட அதிகாரி அலுவலகத்துக்கோ தேசிய மரபுத் துறைக்கோ தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டப்படி கண்டெடுத்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.